பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கச் சென்னையில் ஆறு நாள்

முதல் நாள்: கே.கே. நகர்

பழைய கார் பார்க்கச் சென்னைக்கு வருவதென்றால் தை, மாசியில் வாருங்கள். மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை வண்டிக்குள் என்ன செய்துவிட்டுப் போனது என்பது இந்த இரண்டு மாதத்தில்தான் மறைக்க முடியாமல் தெரியும். கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் காய்ந்திருக்காது, கதவின் அடி விளிம்பில் புதுத் துரு செம்மண் நிறத்தில் துளிர்த்திருக்கும். சித்திரையில் வந்தால் எல்லாம் காய்ந்து, மேலே ஒரு கோட் பெயின்ட்டும் ஏறிவிட்டிருக்கும்.

இந்த முறை பார்க்க வந்தது இரண்டு வண்டிகள். ஒன்று, 1965 மாடல் என்று சொல்லப்படும், இங்கிலாந்தின் எம்ஜி கம்பெனி கட்டிய எம்ஜிபி ரோட்ஸ்டர். இரண்டு சீட், துணிக்கூரை. இன்னொன்று, பழைய பந்தயத் தளமான சோழவரத்தில் பந்தயம் ஓடியது என்று விற்கப்படும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டைக் குடும்ப வண்டி என்று ஒதுக்க வேண்டாம். ட்ரையம்ஃப் 1959-ல் இங்கிலாந்தில் இறக்கிய ஹெரால்டின் அடித்தளத்திலிருந்துதான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இந்திய ஹெரால்டு, ஸ்டாண்டர்ட் என்ற பெயரில், 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் கட்டியது. சென்னைக்காரர் ஒருவர் சேகரிக்க அதைவிடப் பொருத்தமான வண்டி வேறு இல்லை.

இன்று வண்டியைப் பார்க்கவே இல்லை, ஆர்.சி. புத்தகம் மட்டும்தான். துருவைக் காசு கொடுத்துச் சரி செய்யலாம். காகிதத்தில் ஓட்டை இருந்தால் எந்த ஷெட்டிலும் அடைக்க முடியாது. அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஆர்.சி.யின் எல்லாப் பக்கங்களின் நகல். முதல் பக்கம் மட்டும் அனுப்பினால் மீதியை மறுபடி கேளுங்கள். பெயர் மாற்றம், ஹெச்.பி. (கடன்) ரத்து, எஃப்.சி. (தகுதிச் சான்று) முத்திரைகள் எல்லாம் உள்பக்கங்களில்தான் இருக்கும்.

பார்க்க வேண்டியவை: சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரித்த வருடம், முதல் பதிவுத் தேதி, பாடி வகை, சீட் எண்ணிக்கை, நிறம். இதில் எல்லோரும் தாண்டிப் போவது பாடி வகையையும் சீட் எண்ணிக்கையையும். இரண்டு சீட் ரோட்ஸ்டரின் ஆர்.சி.யில் 'சலூன், 5 பேர்' என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஓடி முடிந்து உடைக்கப்பட்ட வேறொரு காரின் புத்தகம் இந்த வண்டிக்குள் வந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம்.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால், வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தியாவுக்குள் வந்த வழிகள் பல. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் சுங்கம் கட்டிக் கொண்டுவந்தது ஒரு வழி. தூதரக அதிகாரி சுங்கமில்லாமல் கொண்டுவந்து, போகும்போது அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் விற்றுவிட்டுப் போனது இன்னொரு வழி. இரண்டுக்கும் காகிதம் இருக்கும். மூன்றாவது வழி கார்னே. சுற்றுலாப் பயணி 6 மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுபோவேன் என்று உறுதி கொடுத்து சுங்கமில்லாமல் உள்ளே கொண்டுவரும் ஏற்பாடு அது. திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட வண்டிக்குச் சுங்க பாக்கி அப்படியே நிற்கும். எத்தனை கை மாறினாலும் அந்தப் பாக்கி வண்டியோடுதான் போகும், சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். அப்படிப்பட்ட வண்டியை நேர்வழியில் பதிவு செய்ய முடியாது என்பதால்தான் வேறு காரின் புத்தகம் தேவைப்படுகிறது. எனவே இறக்குமதி வண்டியென்றால் சுங்கத்தில் பதிந்த பில் ஆஃப் என்ட்ரி, அல்லது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்ற ரசீது, கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. 'அப்பா காலத்தில் வந்தது, பேப்பர் எங்கேயோ இருக்கு' என்ற பதில் பதிலே இல்லை.

பதிவு எண்ணைப் பொறுத்தவரை, எம்எஸ், எம்டி என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் எண் 60 ஆண்டு வண்டிக்கு இயல்பானது. டிஎன்-09 போன்ற எண் 1989-க்குப் பிறகு வந்த முறை. 1965 வண்டி டிஎன் எண்ணில் இருந்தால் எப்போது, எதற்காக மறுபதிவு ஆனது என்று கேளுங்கள். வேறு மாநிலத்திலிருந்து என்.ஓ.சி.யோடு வந்திருக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த என்.ஓ.சி.யின் (படிவம் 28) நகல் இருக்க வேண்டும். 15 வருடம் முடிந்தபின் 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் 20 வருடம் இடைவெளி இருந்தால் வண்டி ஷெட்டில் கிடந்திருக்கிறது. மத்திய அரசின் பரிவாஹன் வாகனப் பதிவுத் தளத்தில் எண்ணைப் போட்டு எதுவும் வரவில்லையென்றால் பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும் பேக்லாக் என்ட்ரி இன்னும் ஏறவில்லை. அதை விற்பவர் தன் செலவில் ஏற்றித் தந்த பிறகே மேலே பேச வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ், படிவம் 31. இரண்டு மகன்கள் இருந்து ஒருவர் மட்டும் விற்க வந்தால் மற்றவருடைய கையெழுத்தும் வேண்டும்.

எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத எஞ்சினோடு வாங்கினால் பெயர் மாற்றும் அன்றைக்கு மாட்டுவீர்கள்.

2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத கார், பைக்குகளுக்கு அது. புதிதாகப் பதிவு செய்ய ரூ.20,000, பதிவு 10 வருடம் செல்லும், புதுப்பிக்க ரூ.5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் 'விஏ' வரும். கண்காட்சி, ராலி, ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட நினைப்பவர் சாதாரணப் பதிவிலேயே இருப்பது நல்லது.

எம்ஜிபியின் காகிதம் தேறுகிறது. பில் ஆஃப் என்ட்ரி இருக்கிறது, பாடி வகை சரி, சீட் இரண்டு. நாளை வண்டி.

இரண்டாம் நாள்: நுங்கம்பாக்கம்

காலை 7 மணிக்கே போய்விடுங்கள், வெயிலுக்காக மட்டுமல்ல. போனதும் முதல் வேலை பானெட்டில் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. ஆறிய பிறகு இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடலாம். இன்று பானெட் குளிர்ந்துதான் இருந்தது.

இன்றைய வேலை எண்கள். எம்ஜிபியின் சேசிஸ் எண்ணில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு செய்தி. ஜி.எச்.என்.3 என்று தொடங்கினால், ஜி என்பது எம்ஜி. எச் என்பது 1,400 முதல் 1,999 சிசி வரையிலான எஞ்சின். என் என்பது இரண்டு சீட் திறந்த வண்டி. 3 என்பது மாடல் வரிசை. கூரையோடு வந்த ஜிடி வண்டிக்கு என்-க்குப் பதில் டி. கூரையை அறுத்து ரோட்ஸ்டர் என்று விற்கும் வண்டியை இந்த ஒரு எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். அதன் பின்னால் எல் என்ற எழுத்து இருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு பிறந்த வண்டி. இங்கே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு நின்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விலையில் இறங்க வேண்டும். மாற்றிய ஸ்டீயரிங் ரேக், பெடல் பாக்ஸ் வேலையையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் எண்ணில்தான் பலர் ஏமாறுவது. எம்ஜிபியில் அது எஞ்சின் பிளாக்கில் நேரடியாக அடித்ததில்லை. ஒரு சின்ன உலோகத் தகட்டில் அடித்து, பிளாக்கின் வலப்பக்கம் ரிவிட் போட்டிருப்பார்கள். இரண்டு ரிவிட்டைக் கழற்றினால் எந்த எஞ்சினிலும் மாட்டலாம். எனவே தகடு சரி என்பதால் எஞ்சின் சரியாகிவிடாது. டார்ச் அடித்து ரிவிட்டின் தலையைப் பாருங்கள். தகட்டில் படிந்திருக்கும் எண்ணெய்க் கறுப்பு ரிவிட் தலையிலும் அதே அளவு இருக்க வேண்டும். தகடு கறுத்து ரிவிட் பளபளத்தால் கேள்வி கேளுங்கள். 1962 முதல் 1964 வரை வந்த 18ஜி, 18ஜிஏ எஞ்சின்களில் கிராங்குக்கு 3 மெயின் பேரிங். 1964 அக்டோபரிலிருந்து வந்த 18ஜிபியில் 5. இந்த வண்டி 1965 என்றால் தகடு 18ஜிபி என்று சொல்ல வேண்டும். சொல்கிறது.

பிறகு வண்டியின் மற்ற அங்கங்கள் அந்த வருடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. 1965 ஏப்ரல் வரை எம்ஜிபியின் கதவுக் கைப்பிடி இழுக்கும் வகை, அதன்பின் பொத்தான் அழுத்தும் வகை. 1967 வரை டைனமோ, பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் சேரும். 1967 வரை முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் பற்களைச் சத்தமில்லாமல் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. வண்டி மெதுவாக உருளும்போது முதல் கியருக்குப் போட்டால் கரகரவென்று கத்த வேண்டும். கத்தாமல் வெண்ணெய் போல் விழுந்தால் பிந்தைய கியர்பாக்ஸ். லூகாஸ் கம்பெனி டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர் எல்லாவற்றிலும் தயாரித்த தேதியை அடித்துவிடும். வண்டி 1965 மே மாதம் கட்டியது என்றால் இந்தத் தேதிகள் சில வாரமோ சில மாதமோ முந்தி இருக்க வேண்டும். 1971 தேதி போட்ட ஸ்டார்ட்டர் இருந்தால் ஒரு முறை மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை. எல்லாமே 1971 என்றால் 1971 வண்டியின் உறுப்புகள் ஒட்டுமொத்தமாக வந்திருக்கின்றன.

எண்ணை எஞ்சின் பிளாக்கிலோ சேசிஸ் இரும்பிலோ நேரடியாக அடித்த எந்த வண்டிக்கும், ஹெரால்டாக இருந்தாலும் சரி போர்ஷாக இருந்தாலும் சரி, இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட்தான் சிறந்த கருவி. எண்ணின் மேல் உள்ள கிரீஸை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து உலர விடுங்கள். 2பி பென்சிலைப் படுக்க வைத்து எண்ணின் மேல் சீராகத் தேயுங்கள். அகலமான செல்லோ டேப்பை ஒட்டி, விரல் நகத்தால் அழுத்தி, ஒரே இழுப்பில் உரித்து வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் அந்தத் தாளில் தெரியும். தொழிற்சாலையில் எந்திரம் சீவிய பரப்பு என்றால் எண்களுக்கு இடையே இணையான மெல்லிய கோடுகள் விழும். அரைத்துவிட்டு மறுபடி அடித்திருந்தால் அந்தக் கோடுகள் எண் இருக்கும் இடத்தில் மட்டும் இருக்காது, அல்லது வட்டமாக, குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒரு எண் ஆழம், அடுத்தது மேலோட்டம் என்பது கையால் அடித்த பழைய வண்டிகளில் இயல்பு. ஒரே ஒரு எண் மட்டும் வேறு வடிவில் இருந்தால்தான் பயப்பட வேண்டும். 3-ஐ 8 ஆக்கியிருக்கிறார்களா, 1-ஐ 4 ஆக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். முடிந்தால் இரும்பின் பின்பக்கமும் விரலை விட்டுத் தடவுங்கள். எண்ணுள்ள பகுதியை வேறு சேசிஸிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தால் வெல்டிங் மேடு பின்னால் தட்டுப்படும்.

எம்ஜி வண்டிகளுக்கு இங்கிலாந்தின் கேடன் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் டிரஸ்ட் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. கட்டிய தேதி, நிறம், சீட் துணியின் நிறம், அனுப்பிய நாடு, எஞ்சின் எண் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தச் சேசிஸ் எண்ணோடு எப்படிப்பட்ட வண்டி பிறந்தது என்று மட்டுமே அது சொல்லும். உங்கள் முன்னால் நிற்பது அதே வண்டிதானா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சிவப்பு என்று சான்றிதழ் சொன்னால் டேஷ்போர்டுக்குப் பின்னால், கதவு உள்பலகைக்கு அடியில், பூட் ரப்பருக்குக் கீழே சிவப்பு எங்காவது எட்டிப் பார்க்க வேண்டும்.

உலகச் சந்தையிலும் இதே கதைதான், தொகை மட்டும் பெரிது. 1973 போர்ஷ் கரேரா ஆர்.எஸ். 2.7 மொத்தம் 1,580 கட்டினார்கள். சாதாரண 911-ஐ அதே போல் மாற்றிய வண்டிகள் ஏராளம். அங்கே சேசிஸ் எண் 911360 என்று தொடங்குகிறதா, எஞ்சினில் 911/83 என்ற வகை எண் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வாத்து வால் போன்ற பின் ஸ்பாய்லரை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம்.

மூன்றாம் நாள்: அம்பத்தூர்

இரும்பைப் பார்க்கும் நாள். லிஃப்ட் உள்ள ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோக விற்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில்தான் அதன் முதுகுத்தண்டு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு, அடியில் காசில் ரெயில் என்ற இரும்புப் பட்டை. கடற்கரை ஊரில் துரு எப்போதும் உள்ளிருந்து வெளியே வரும். வெளியே தெரியும்போது உள் அடுக்கு போய்விட்டிருக்கும். நீலாங்கரை, பாலவாக்கம் பக்கம் வெட்டவெளியில் நின்ற வண்டியென்றால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள்: கதவை மூடி, கதவுக்கும் பின் பாடிக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதுங்கள். பிறகு ஜாக் பாயின்ட்டில் ஜாக் வைத்து ஒரு சக்கரம் தரையை விடும்வரை தூக்கி மறுபடி அளங்கள். நல்ல வண்டியில் இடைவெளி மாறாது, கதவு லேசாகத் திறந்து மூடும். மேல் இடைவெளி சுருங்கினாலோ கதவு இடித்தாலோ சில் பலமில்லை. ஜாக் வைக்கும் இடமே மொறுமொறுவென்று உள்ளே போனால் ஜாக்கை இறக்கிவிட்டுக் கிளம்பலாம்.

புதிதாக சில் மாற்றியிருக்கிறது என்று சொன்னால் வெளித்தகட்டை மட்டும் பழையதின் மேல் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முன் விங்கை, அதாவது முன் சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகட்டை, கழற்றாமல், பின் விங்கின் அடிப்பகுதியை வெட்டாமல் முழு சில்லை மாற்றவே முடியாது. வெட்டிய வேலையின் புகைப்படம் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் கேஜ் கையில் இருக்க வேண்டும். தொழிற்சாலைப் பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் வரும். ஒருமுறை நன்றாக மறுபெயின்ட் அடித்தது 200, 300. ஒரு இடத்தில் மட்டும் 1,000 தாண்டினால் அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிய பூச்சு. கேஜ் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், பட்டி உள்ள இடத்தில் ஒட்டாமல் வழுக்கும். இங்குள்ள டிங்கர் கருவியே எடுக்கவில்லை. விரல் கணுவால் பின் விங்கைத் தட்டிக்கொண்டே போனவர், சக்கரத்துக்கு மேலே ஒரு ஜாண் இடத்தில் நின்று, "சார், இங்க தகடு பேசல, பட்டி பேசுது" என்றார். கேஜ் அதே இடத்தில் 1,400 காட்டியது. சில்லைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் இடைவெளி அசையவில்லை. விங்கில் உள்ள பட்டி அழகுப் பிரச்சினை, சில் உயிர்ப் பிரச்சினை. விலையில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

சென்னை வண்டிக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் நின்ற வண்டிகள் எத்தனையோ சுத்தம் செய்து விற்கப்பட்டன. சீட் தண்டவாளத்தின் அடிப்பக்கம், ஸ்டெப்னி குழியின் மூலை, ஹெட்லைட்டின் உட்புறம், ஹீட்டர் பெட்டியின் அடி ஆகிய நான்கு இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள். வெள்ள வண்டல் மாவு போல் மெல்லியதாக, சாம்பல் நிறத்தில் வரும். சாலைத் தூசியில் மணல் நரநரக்கும், இதில் நரநரக்காது. சீட் போல்ட்டின் தலை துருப்பிடித்து, மேலே டேஷ்போர்டு ஸ்க்ரூ துருவில்லாமல் இருந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதே தெரிந்துவிடும். பழைய கார்ப்பரேட்டர் வண்டி வெள்ளத்திலிருந்து மீண்டு வரலாம். நின்ற தண்ணீரில் ஸ்டார்ட் செய்திருந்தால் மட்டும் ஒரு கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். கம்ப்ரஷன் பார்த்தால் அந்த சிலிண்டர் மட்டும் குறைவாக வரும். 90-களுக்குப் பின் வந்த, கம்ப்யூட்டர் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். கனெக்டர்களில் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும்.

கம்ப்ரஷன் எடுக்கும் முறை: எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்ற வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து 6 சுற்று. எம்ஜிபிக்கு 150 பி.எஸ்.ஐ. ஒட்டி வந்தால் நல்லது. எண்ணைவிட நான்கும் ஒத்துப்போவது முக்கியம், 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒன்று குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இந்தியாவில் 2000 முதல் ஈயமில்லாப் பெட்ரோல்தான் என்பதால் பழைய ஹெட்டில் வால்வு சீட் தேய்ந்திருக்கும். கடின சீட் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு, லேத் பில்லைப் பாருங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. ஹோஸை விரலால் மடக்கினால் வெடிப்பு தெரிந்தால் ஓட்டிப் பார்க்கும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

நான்காம் நாள்: புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு

இன்று பாதி நாள்தான். எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அங்கிருந்து ஆட்டோவில் புதுப்பேட்டை. இங்கே வருவது வாங்க அல்ல, எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொள்ள. பிரேக் ரப்பர், பேரிங், ஆயில் சீல், ஹோஸ் எல்லாம் அளவு சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஹெரால்டின் உறுப்புகளுக்கு நாள் கணக்கில் சொல்லி வைக்க வேண்டும். எம்ஜிபிக்கு இங்கே ஒன்றுமில்லை, ஆனால் இங்கிலாந்தில் புது பாடியே கிடைக்கிறது. சுங்கம் சேர்த்தாலும் அது வழி உள்ள வண்டி.

கிடைக்காததில் விலை உயர்ந்தது எப்போதும் சின்னப் பொருள்தான். ஹெரால்டின் மீட்டர் கிளாஸ் வளையம், பின் விளக்குக் கண்ணாடி, கதவு பீடிங், எழுத்து பேட்ஜ். எஞ்சின் போர் பண்ண லேத் உண்டு, பேட்ஜ் வார்க்க ஆளில்லை. பார்க்கும் வண்டியில் இந்தச் சின்னச் சாமான்கள் முழுதாக இருந்தால், எஞ்சின் ஓடாவிட்டாலும் அது நல்ல வண்டி.

ஐந்தாம் நாள்: சோழவரம், இருங்காட்டுக்கோட்டை

ஹெரால்டின் முறை. முதலில் இரும்பு. இதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. நடுவே முதுகெலும்பு, பக்கவாட்டில் கை நீட்டியது போல் அவுட்ரிகர்கள். பாடி அதன் மேல் போல்ட்டில் நிற்கிறது. அவுட்ரிகர் முனைகளில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள், உள்ளே போகக் கூடாது. முன் சக்கரம் திரும்பும்போது கீழே தாங்கும் ட்ரன்னியன் என்ற உறுப்பு பித்தளைக் கலப்பு, அதற்குள் வெர்ட்டிகல் லிங்க் என்ற செங்குத்துத் தண்டின் மரை சுழல்கிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இபி90 ஆயில் விட வேண்டும். நம் ஷெட்களில் பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாது, உள்ளே துருப்பிடித்து, ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது லிங்க் ஒடிந்து சக்கரம் உள்ளே மடங்கும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு ஸ்டீயரிங்கை முழுக்க இரு பக்கமும் திருப்பி, இறுகுகிறதா என்று பாருங்கள். இந்த ஹெரால்டு ஒரு பக்கம் இறுகுகிறது, அப்படியே ஓட்டக் கூடாது.

கூரையும் போல்ட்தான் என்பதால் அதைக் கழற்றிவிட்டுத் திறந்த வண்டி என்று விற்பதும் உண்டு. ஆர்.சி.யில் சலூன் என்றால் சலூன்.

இனி பந்தயக் கதை. சோழவரம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகுதான் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் டிராக் வந்தது. 'சோழவரம் ஓடியது' என்ற ஒரு வார்த்தை ஹெரால்டின் விலையை ஏற்றிவிடுகிறது. அதனால் அந்த வார்த்தைக்கு ஆதாரம் கேட்க வேண்டும்.

எது ஆதாரம்? பதிவு எண்ணோ சேசிஸ் எண்ணோ தெரியும் அந்தக் காலப் புகைப்படம். பந்தய நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் ஓட்டியவரின் பெயரும், அதே வருடம் ஆர்.சி.யில் அதே உரிமையாளரின் பெயரும் ஒத்துப்போவது. கோப்பை ஆதாரம் இல்லை. அதில் ஓட்டியவர் பெயர் இருக்கும், வண்டியின் எண் இருக்காது. வண்டியிலேயே தடயம் தேடலாம். பந்தயத்துக்காக முன்கண்ணாடியைக் கழற்றிச் சின்ன ஏரோஸ்கிரீன் போட்ட துளைகள், சீட் பெல்ட் நங்கூரத் துளைகள், ரோல்பார் நின்ற தகட்டின் வெல்டிங், சஸ்பென்ஷன் பிடிப்புகளில் கூடுதல் இரும்பு. அந்தத் துளைகளை அடைத்த வெல்டிங்கும் அதன் மேல் பழைய பெயின்ட் அடுக்குகளும் இருந்தால் கதை பழையது. துளை புதிதாக, விளிம்பில் பளிச்சென்று இருந்தால் கதையும் புதிது. இந்த வண்டியில் ஸ்கட்டிலில், அதாவது முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டில், அடைத்த துளைகள் நான்கு இருக்கின்றன, மேலே மூன்று நிறம் பெயின்ட். புகைப்படம் மட்டும் இல்லை.

பந்தய வண்டியில் எத்தனை உறுப்பு மாறியிருந்தாலும் அது அதே வண்டியா? லண்டன் உயர் நீதிமன்றம் 1990-ல் இதற்குப் பதில் சொன்னது. 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்சின் லெ மான் பந்தயம் ஜெயித்த பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்'-ஐ ஒரு நிறுவனம் 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டு, லெ மானில் ஓடிய உறுப்புகள் இதில் மிஞ்சவில்லை, இது அசல் இல்லை என்று பின்வாங்கியது. நீதிபதி ஓட்டன் தீர்ப்பு: அப்படியே அசல் என்று சொல்ல முடியாது, ஆனால் அறுபடாத வரலாறு இருப்பதால் இதுதான் உண்மையான ஓல்டு நம்பர் ஒன். ஒவ்வொரு மாற்றமும் எப்போது, யார் செய்தது என்ற தொடர்ச்சி இருந்ததால் உறுப்புகள் மாறியும் வண்டி மாறவில்லை. ஹெரால்டிலும் நாம் தேடுவது இந்தத் தொடர்ச்சியைத்தான். 1974-லிருந்து 1988 வரை அது எங்கே நின்றது என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் பதினான்கு வருடம் நிரம்பும்வரை இதை நல்ல ஹெரால்டு என்று விலை பேசலாம், பந்தய ஹெரால்டு என்று பேசக் கூடாது.

ஆறாம் நாள்: ஈ.சி.ஆர்., விலை

காலை 6 மணிக்கு எம்ஜிபியோடு ஈ.சி.ஆர். முதல் 10 கிலோமீட்டர் மெதுவாக, மீட்டர்களைப் பார்த்துக்கொண்டே. சூடான எஞ்சினில் 70 கி.மீ. வேகத்தில் ஆயில் பிரஷர் 50-லிருந்து 70 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும். ஐடிலில் 15-க்குக் கீழே இறங்கினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. வெப்பநிலை முள் ஏறவே ஏறாமல் கீழேயே நின்றால் சந்தோஷப்பட வேண்டாம். சூடு தாங்காமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள், ரேடியேட்டர் அடைத்திருக்கும். வெப்ப நாட்டுக்கு 74 டிகிரி தெர்மோஸ்டாட் என்று கம்பெனியே கொடுத்திருக்கிறது, அதைப் போட்டு ஓட்டியும் சூடேறாமல் இருப்பதுதான் சோதனை. திரும்பும்போது திருவான்மியூர் சிக்னலில் 5 நிமிடம் ஐடிலில் நிறுத்தினால் மீதி தெரியும். கம்பிச் சக்கரம் என்றால் கியரில் விட்டு, முன்னும் பின்னும் உலுக்கும்போது டக் என்ற சத்தம் வந்தால் ஸ்ப்ளைன், அதாவது சக்கரமும் ஹப்பும் பூட்டிக்கொள்ளும் பல்வரிசை, தேய்ந்தது. சக்கரமும் ஹப்பும் சேர்த்து மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேயாமல் இருந்தாலும் 10 வருட டயர் கல்தான்.

இனி விலை. வெளிநாட்டு ஏல விலையைக் கைபேசியில் காட்டுவார்கள். 3 வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரை நீண்ட காலம் பொதுவாக இங்கே இறக்குமதி செய்ய முடியவில்லை என்பதால் நம் சந்தை மூடிய சந்தையாகவே வளர்ந்தது. அந்த விலை இங்கே மேலேயும் இழுக்காது, கீழேயும் தாங்காது. இணையத்தில் கேட்கும் விலையும் விலை இல்லை, கை மாறிய விலைதான் விலை. கிளப்காரர்களிடம் கேட்டால் அது தெரியும்.

கணக்குக்கு, விற்பவர் 30 லட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காகிதம், எண், சில் மூன்றும் தேறிய வண்டிக்கு நல்ல நிலையில் என்ன விலை போகும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அதையும் 30 என்றே கொள்வோம். பிறகு தேவைப்படும் ஒவ்வொரு வேலைக்கும் ஷெட்டில் எழுத்தில் கொட்டேஷன். பின் விங் பட்டியை எடுத்துத் தகடு போட்டுப் பெயின்ட், கம்பிச் சக்கர ஹப், வால்வு சீட், ஹோஸ், டயர் எல்லாம் சேர்ந்து 5 லட்சம் என்றால் அதை 7.5 என்று எழுதுங்கள். திறந்து பார்க்காத வேலை ஒன்றரை மடங்கு ஆகும் என்பது எங்கள் கைக்கணக்கு. 22.5 லட்சத்தில் பேச்சைத் தொடங்கலாம். புது பெயின்ட், புது சீட் லெதர், பளபளக்கும் குரோமியம் எதற்கும் கூட்டாதீர்கள். பழைய சீட் துணி கிழியாமல், தொழிற்சாலைப் பெயின்ட் மங்கியும் முழுதாக இருந்தால் கூட்டுங்கள், அது ஒரு தடவைதான் இருக்கும்.

ஒப்புக்கொண்டால் அட்வான்ஸ் ரசீதில் சேசிஸ் எண், எஞ்சின் எண், 'சுங்க பாக்கி, கடன், வழக்கு எதுவும் இல்லை' என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டு செட் கையெழுத்து, மீதிப் பணம் வங்கி வழியாக. இன்சூரன்ஸ் எடுக்கும்போது தேய்மானம் கழித்த மதிப்பு வேண்டாம், ஒப்புக்கொண்ட மதிப்பு என்று கேளுங்கள். இல்லாவிட்டால் 60 வருட வண்டிக்குக் காகிதத்தில் ஒன்றுமே நிற்காது.

எம்ஜிபிக்கு 23 லட்சத்தில் பேச்சு நிற்கிறது. ஹெரால்டின் பதினான்கு வருடத்துக்குப் பழைய எஃப்.சி. முத்திரைகளைத் தேட ராயபுரம் ஆர்.டி.ஓ. பதிவேட்டு நகலுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. ட்ரன்னியனில் இருந்த கிரீஸை வழித்துவிட்டு இபி90 விட்டாயிற்று.